தேவகோட்டை பக்கம் மகளிர் குழு தண்ணி கேன்: 12 ரூபா தண்ணிக்கு ஒரு நீட்டு ரிவ்யூ

ரேட்டிங் முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. தண்ணிக்கு மூணரை, நடத்துற விதத்துக்கு அஞ்சு, போன் எடுக்குற அழகுக்கு ஒண்ணு, எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு குத்துமதிப்பா நாலு, கணக்கு இடிக்குதுன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

அவசரக்காரங்களுக்கு விவரம்: 20 லிட்டர் கேன், நீங்களே போய் புடிச்சா 12 ரூபா, வீட்டுக்கு வந்தா 25. கேனுக்கு அட்வான்ஸ் 150. காலையில 6ல இருந்து 10, சாயந்திரம் 4ல இருந்து 7. ஞாயித்துக்கிழமை லீவு. ஜிபே இருக்கு, ஆனா சில்லறையா கொடுத்தா தான் கடைய நடத்துற அக்கா முகம் மலருது. அவ்வளவு தான், இது போதும்னா இங்கயே நிறுத்திக்கலாம். மிச்சத்த நேரம் இருக்கவங்க படிங்க, ஒரு தண்ணிக் கடைக்கு இம்புட்டு எழுதுறதுக்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு.

ஊர் பேரும் அக்கா பேரும் போடல. போட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, ஏற்கனவே கல்யாண சீசன்ல போன் ஓயாம அடிக்குதாம். தேவகோட்டையத் தாண்டி ராமநாதபுரம் ரோட்டுப் பக்கம் போனா வர்ற பல ஊர்ல ஒண்ணுன்னு வச்சுக்கங்க. காரைக்குடிக்காரங்களுக்கு சம்பை ஊத்து இருக்கு, கொடுத்து வச்சவங்க, தண்ணி இனிக்கும். எங்க பக்கம் போரப் போட்டா உப்பு தான். சோறு வடிச்சா லேசா மஞ்சளா இருக்கும், பருப்பு வேகாது, பாத்திரத்துல வெள்ளையா படியும், வெளியூர்ல இருந்து வந்த மருமக ஒரு வாரத்துல முடி கொட்டுதுன்னு அழும். அந்தக் காலத்துல இதுக்காகத் தான் ஊருக்கு ஊரு ஊருணி வெட்டி, மழைத்தண்ணி வர்ற வாய்க்கால் வச்சு, குடிக்கிற ஊருணின்னா அதுல கால் கூட நனைக்கக் கூடாதுன்னு ஆள் போட்டு வச்சிருந்தாங்க. எங்கம்மா சின்னப்புள்ளையில குடத்தத் தூக்கிட்டுப் போய் ஊருணியில தான் மொண்டு வந்திருக்காங்க. இப்ப அந்த ஊருணியில ஆகாயத்தாமரை நிக்குது, படித்துறையில ராத்திரி வேற கச்சேரி நடக்குது, அத விடுங்க.

நான் யாருன்னா, 9 வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துல ஃபீல்டு கோஆர்டினேட்டரா இருந்தவன். அம்மாவுக்கு முடியாமப் போனதும் வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். அந்த 9 வருஷத்துல நான் முன்ன நின்னு வச்ச ஆர்ஓ பிளாண்ட் (உப்புத் தண்ணிய மெம்பரேன்ங்கிற சவ்வு வழியா வடிக்கிற மெஷின்) மட்டும் ஏழு, வேற மாவட்டத்துல. எல்லாத்துக்கும் ஒரு பெரிய கம்பெனி சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் காசு. திறப்பு விழாவுக்கு ரிப்பன், பொன்னாடை, கேசரி, போட்டோ. இப்ப அந்த ஏழுல ஓடுறது ஒண்ணே ஒண்ணு. ஒரு பிளாண்ட் ரூம்ல வைக்கோல் அடுக்கி வச்சிருக்காங்க, நானே பார்த்தேன், மெஷின் மேல எங்க லோகோ ஸ்டிக்கர் மட்டும் பளபளன்னு புதுசா இருக்கு.

எதனால செத்துச்சுன்னா பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. முதல் வருஷம் தண்ணி இலவசம்னு சொல்லிட்டோம், ரெண்டாவது வருஷம் 5 ரூபான்னதும் ஊர்ல ‘ஏன் கம்பெனிக்காரன் கொடுத்த காச நீங்க தின்னுட்டீங்களா’ன்னு கேட்டாங்க. ஆபரேட்டர் சம்பளம் ப்ராஜெக்ட் பட்ஜெட்ல இருந்து போச்சு, ப்ராஜெக்ட் முடிஞ்ச மாசம் அந்தப் பையன் திருப்பூர் பஸ் ஏறிட்டான், அவன் மேல தப்பே கிடையாது. இபி கனெக்‌ஷன் எங்க ஆபீஸ் பேர்ல இருந்துச்சு, நாங்க கிளம்பினதுக்கப்புறம் பில் எங்க வரும்னே யாருக்கும் தெரியல. மெஷின் வடக்க இருந்து வந்தது, ஒரு போர்டு போச்சுன்னா அங்க இருந்து தான் வரணும். ஒரு ஊர்ல இடம் கொடுத்தவரு தலைவர் எலெக்‌ஷன்ல தோத்தாரு, அன்னைக்கே கேட்டப் பூட்டிட்டாரு.

இதுல கொடுமை என்னன்னா ஏழு ப்ரொபோசல்லயும் ‘நிலைத்தன்மை’ன்னு ஒரு தலைப்பு உண்டு. அரைப் பக்கம். எல்லாத்துக்கும் ஒரே அரைப் பக்கம், ஊர் பேர மட்டும் மாத்தி ஒட்டுவோம். ‘திட்டக் காலம் முடிந்தபின் சமூகமே பொறுப்பேற்று நடத்தும்’. யாரு அந்த சமூகம், அவரு போன் நம்பர் என்னன்னு எந்த ஃபண்டரும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு செலவு பண்ணிட்டு, கடைசி மாசம் ஒரு கூட்டம் போட்டு, சமோசா டீ கொடுத்து, சாவிய ஒரு தட்டுல வச்சு தலைவர் கையில கொடுத்தா அதுக்குப் பேரு ‘ஒப்படைப்பு’.

இந்த மனசோட தான் இந்தக் கடைக்கு முதல் தடவ போனேன். போர்டப் பார்த்ததும் ‘ஆகா, இன்னொரு செத்த ப்ராஜெக்ட்’னு தான் நினைச்சேன். ஏன்னா போர்டுல ஃபண்டு கொடுத்த நிறுவனத்தோட பேரு வெயில்ல வெளுத்துப் போய் பாதி எழுத்து தான் தெரியுது. அவங்க காசு நின்னு ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். உள்ள எட்டிப் பார்த்தா மோட்டார் சத்தம், தரை ஈரம், ஒரு பொண்ணு கேனுக்குள்ள பிரஷ்ஷ விட்டு வரட் வரட்னு தேய்ச்சுக்கிட்டு இருக்கு, செவுத்துல ஒரு கரும்பலகை. பலகையில தேதி போட்டு ரெண்டு நம்பர்: உள்ள 1680, வெளிய 110. டிடிஎஸ் மீட்டர்ல தினம் காலையில பார்த்து சாக்பீஸ்ல எழுதுறாங்க. தெரியாதவங்களுக்கு, டிடிஎஸ்னா தண்ணியில கரைஞ்சிருக்க உப்பு, ஒரு லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு. நம்ம நாட்டு தரக்கட்டுப்பாடு ஐஎஸ் 10500 படி குடிதண்ணிக்கு 500 வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழியே இல்லாத இடத்துல 2000 வரைக்கும் விடலாம். ஆக போர் தண்ணி அந்தக் கணக்குப்படி ‘வேற வழியில்லாத’ தண்ணி.

‘வெளிய 110 ஏன், நல்லா இறக்கி 30, 40 கொண்டு வரலாமே’ன்னு சும்மா சோதிச்சுப் பார்த்தேன். அக்கா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, ‘அம்புட்டும் வடிச்சா சப்புன்னு இருக்கும் தம்பி, பேட்டரிக்கா ஊத்தப் போறீங்க, குடிக்கத்தான. அதான் கொஞ்சம் பச்சத்தண்ணிய வடிகட்டி கலந்து விடுறோம். 150 தாண்டினா எனக்கு வயித்தக் கலக்கும், மெம்பரேன் போகப்போகுதுன்னு அர்த்தம்’னுச்சு. பத்தாவது ஃபெயிலுன்னு அது வாயாலயே சொல்லுது. நான் எஞ்சினியருங்க வாயில இருந்து கூட இம்புட்டு தெளிவா கேட்டதில்ல.

அப்புறம் தான் நான் பேச்சுக் கொடுத்து உக்காந்தேன். 12 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டதும் கல்லாவுல இருந்து 12 ஒத்த ரூபா காச எடுத்து மேசையில பரப்புச்சு. அஞ்ச ஒரு பக்கம் தள்ளி, இது மெஷின் ஓட்டுறவனுக்கும் கேன் கழுவுறதுக்கும் கூலி. ரெண்டு கரண்டு, கட்டடம். ஒண்ணு ஃபில்டர், மருந்து, மூடி. ரெண்டு குழுவுக்கு. கடைசியா கிடந்த ரெண்டு காச விரலால அமுக்கிக்கிட்டு, ‘இது எங்களுது இல்ல, மெஷினோடது’ன்னுச்சு.

மெஷினோடது. அந்த வார்த்தையில தான் நான் விழுந்தேன்.

ஒவ்வொரு கேனுக்கும் ரெண்டு ரூபா தனி அக்கவுண்டுக்குப் போகுது. வாரா வாரம் திங்கக்கிழமை பேங்குல கட்டணும், ரெண்டு பேர் கையெழுத்து, குழுக் கூட்டத்துல தீர்மானம் எழுதாம எடுக்க முடியாது. ஒரு நாளைக்கு சராசரியா நூறு கேன் போகுதுன்னா, ஞாயிறு லீவு போக மாசம் அஞ்சாயிரத்துக்கு மேல சேரும். மெஷின் மணிக்கு ஆயிரம் லிட்டர், உள்ள 4 இன்ச் மெம்பரேன் நாலு இருக்கு. எங்க பக்கத்து உப்புக்கு அது ரெண்டு மூணு வருஷம் உழைச்சா பெரிசு, நாலையும் மாத்துனா அரை லட்சத்துக்கு மேல ஆகும். ஹை பிரஷர் பம்பு போகும், மோட்டார் காயில் கருகும், போர்ல தண்ணி கீழ இறங்கும். இது எல்லாம் என்னைக்கோ ஒரு நாள் நிச்சயம் வர்ற செலவு, ஆனா எங்க ஏழு ப்ராஜெக்ட்லயும் இத ‘எதிர்பாராத செலவு’ன்னு எழுதி வச்சிருந்தோம். சாவு வீட்டுல போய் எதிர்பாராத விதமான்னு சொல்ற மாதிரி.

எனக்கு அப்ப ஞாபகம் வந்தது பழைய கோயில் கல்வெட்டு. சோழர் காலத்துல கோயில்ல அணையா விளக்கு எரிய வைக்கணும்னா காசக் கொடுத்துட்டுப் போக மாட்டாங்க, ஆடு கொடுப்பாங்க. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, சில ஊர்ல 90. அந்த ஆட்ட வாங்கிக்கிட்ட இடையர் தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும், குட்டி போட்டதுல பெருகுறது அவருக்கு, ஆனா மந்தையில எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. கல்வெட்டுல அதுக்குப் பேரு ‘சாவா மூவாப் பேராடு’. சாகாது, கிழடு தட்டாது. ஆடு சாகாமலா இருக்கும், ஒண்ணு செத்தா அதோட குட்டி அந்த இடத்துக்கு வந்துடும், அதான் கணக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதின நிலைத்தன்மைத் திட்டம், அரைப் பக்கம் கூட இல்ல, ரெண்டு வரி கல்லுல.

நம்ம ஊர்லயும் இந்தப் புத்தி இருந்துச்சு. நகரத்தார் பர்மா மலேயான்னு கடை போட்ட காலத்துல கணக்குப் புத்தகத்துல மகமைன்னு ஒரு தனிக் கணக்கு இருக்கும், வியாபாரத்துல ஒரு பங்கு தர்மத்துக்குன்னு எழுதின பிறகு தான் மிச்சக் கணக்கு. காசியில நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863ல இருந்து நடக்குதுன்னா கட்டடத்த மட்டும் கட்டி விட்டிருந்தா நடந்திருக்குமா. காரைக்குடி செக்ரிய (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) எடுத்துக்கங்க, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தாரு, ஆனா தினப்படி நடத்துற செலவுக்கு மத்திய அரசோட ஆராய்ச்சி கவுன்சில் பின்னாடி இருந்துச்சு, 1953ல திறந்தது இன்னைக்கும் ஓடுது. கொடுக்குற கைய விட, கொடுத்ததுக்கு அப்புறம் தீவனம் போடுற கை எதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இதெல்லாம் நான் வேலையில இருந்தப்ப யோசிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், வேலைய விட்டப்புறம் தான எல்லா அறிவும் வருது.

சரி, தண்ணிக் கடைக்கு வருவோம். இதுக்கு ஆரம்பத்துல திட்டம் போட்டது ஒரு சார், இப்ப ரிட்டையர் ஆயிட்டாராம். அவரு பண்ணின வேலையக் கேட்டா எனக்குப் பொறாமையா இருக்கு. மெஷின் வர்றதுக்கு எட்டு மாசம் முன்னாடியே வந்துட்டாரு. வந்து என்ன பண்ணினாரு, ஒண்ணுமே பண்ணல, வீடு வீடா உக்காந்து இப்ப தண்ணிக்கு என்ன செலவு பண்றீங்கன்னு மட்டும் எழுதினாரு. அப்ப ஊர்ல டேங்கர் லாரிக்காரன் குடம் 4 ரூபான்னு வித்துக்கிட்டு இருந்திருக்கான், ஆக ஏழைங்க ஏற்கனவே காசு கொடுத்து தான் குடிக்கிறாங்க. ‘இலவசமா கொடுத்தா லாரிக்காரன் ரெண்டு மாசம் பொறுத்திருந்து மறுபடி வருவான், நீங்க அவனை விட ஒரு ரூபா கம்மியா வித்தா அவன் வரவே மாட்டான்’னாராம். முதல் நாள்ல இருந்தே காசு. திறப்பு விழா அன்னைக்கு வந்த அதிகாரிக்கும் டம்ளர் தண்ணிக்குக் கணக்கு எழுதினாங்கன்னு அக்கா சிரிக்குது, அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாவும் இருக்கலாம்.

குழுவுல 20 பேரு, ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டிருக்காங்க, சில பேரு காதுத் தோட்ட அடகு வச்சுப் போட்டது. மெஷின் விலையில அது ஒரு மூலைக்குக் கூட காணாது. ஆனா அந்த ஆயிரம் ரூபா போட்ட பொம்பளைங்க தான் மெஷின் நின்னா வாசல்ல வந்து நிக்கிறது. இன்னொரு விஷயம், ஆபரேட்டர் சம்பளத்த ப்ராஜெக்ட் முதல் ஆறு மாசம் முழுசா கொடுத்துச்சு, அடுத்த ஆறு மாசம் பாதி, அதுக்கப்புறம் சைபர். ஆனா ப்ராஜெக்ட் ஆளுங்க அதுக்கு மேல ரெண்டு வருஷம் வந்து போய்க்கிட்டு இருந்தாங்க. அதாவது காசு முதல்ல நின்னுச்சு, கை அப்புறம் தான் விட்டுச்சு. நாங்க பண்ணினது நேர் எதிர், காசும் கையும் ஒரே நாள் மார்ச் 31. சைக்கிள் பழக்குறப்ப கூட கேரியரப் புடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓடி வருவாங்க இல்ல.

மெஷின் வாங்குறதுலயும் ஒரு பிடிவாதம். மதுரையிலயோ திருச்சியிலயோ கடையில போய் நின்னு வாங்க முடியாத சாமான் எதுவும் இருக்கக் கூடாதுன்னு. ஆட்டோமேட்டிக் கார்டு சொருகுற தண்ணி ஏடிஎம் மாடல் ஒண்ண சும்மாவே தர்றேன்னு ஒருத்தர் வந்தாராம், வேண்டாம்னுட்டாங்க. கைப்பிடி வால்வு, சாதா பிரஷர் கேஜ், ஐடிஐ படிச்ச ஊர்ப்பையன் ஒருத்தன திருச்சிக்கு அனுப்பி பதினஞ்சு நாள் கத்துக்க வச்சது. இது எனக்குப் பழைய அடிபம்பு கதைய ஞாபகப்படுத்துச்சு. 70கள் கடைசியில யூனிசெஃப் உதவியோட ஊர் ஊரா வந்த இந்தியா மார்க் 2 பம்பு நம்ம எல்லாருக்கும் தெரியும், தெரு முக்குல ஒண்ணு நிக்கும், லேசுல கெடாது. ஆனா கெட்டா குழாய் பூராவையும் மேல உருவணும், அதுக்கு முக்காலி, வேன், நாலஞ்சு ஆளுன்னு வெளிய இருந்து வரணும், அவங்க வர்ற வரைக்கும் குடத்தோட காத்துக் கிடக்க வேண்டியது தான். அப்புறம் மார்க் 3ன்னு மாத்தினாங்க, உள்ள இருக்க பிஸ்டன மட்டும் குழாய் வழியாவே மேல இழுத்து வாஷர மாத்திடலாம், ஊர்க்காரங்களே ரெண்டு பேர் போதும். தண்ணி வர்றதுல ஒண்ணும் வித்தியாசமில்ல, ரிப்பேர் யார் கையில இருக்குங்கறது தான் வித்தியாசம்.

டெலிவரியும் குழு பண்ணல. குட்டியானை வச்சிருக்க தம்பி ஒருத்தன் 12க்கு எடுத்து 25க்கு வீட்டுல இறக்குறான், டீசல் அவன் பாடு, லாபம் அவன் பாடு. குழு வண்டி வாங்கியிருந்தா டிரைவர் லீவு, டயர் பஞ்சர்னு குழு தான் அழுதிருக்கும். அப்புறம் இவங்க நிஜமான வருமானம் எங்க இருக்குன்னா பெரிய வீட்டு விசேஷம். சென்னை, சிங்கப்பூர்ல இருக்கவங்க வந்து வருஷமெல்லாம் பூட்டிக் கிடந்த வீட்டத் திறந்து, கல்யாணம், அறுபது எண்பதுக்கு சாந்தி, முன்னோருக்குப் படைப்புன்னு வச்சா ஒரே நாள்ல நூறு நூத்தம்பது கேன் போகும். அதுக்கு ரேட்டு 30, ஸ்டாண்டு, டம்ளரோட. ‘ஆச்சிமாருங்க பேரம் பேசுவாங்க, ஆனா நேரத்துக்கு வந்தா கையில கூடக் கொடுப்பாங்க’ன்னு அக்கா சொல்லுது. அந்த 30 தான் நம்ம 12அத் தாங்கிப் புடிக்குது.

இவங்களுக்கு அடியே விழலன்னு நினைக்காதீங்க. ஆர்ஓவுல ஒரு லிட்டர் நல்ல தண்ணி எடுத்தா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் உப்புத் தண்ணி வெளிய போகும். அத வீணாக்கக் கூடாதுன்னு பின்னாடி முருங்கை, வாழை வச்சு அதுக்கு விட்டிருக்காங்க. ரெண்டு வருஷத்துல வாழை கருகிடுச்சு, முருங்கையும் பட்டுப் போச்சு, மண்ணு மேல வெள்ளையா பூத்துக் கிடக்கு, இப்பவும் பார்க்கலாம். நல்லதுன்னு நினைச்சுப் பண்ணினது. இப்ப அந்தத் தண்ணிய கேனோட முதல் கழுவலுக்கும், பள்ளிக்கூட கக்கூஸ் தொட்டிக்கும் குழாய் போட்டு விட்டிருக்காங்க. மிச்சம் போறது வாய்க்கால்ல தான் போகுது, அது சரியில்லன்னு அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதுக்கு யாருகிட்டயும் நல்ல பதில் இல்ல. இதுக்காகத் தான் தண்ணிக்கு அஞ்சுல ஒன்றரைய பிடிச்சு வச்சேன்.

2018 நவம்பர்ல கஜா புயல் அப்ப கரண்டு போய் நாள் கணக்கா வரல. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்காங்க, வாடகை மெஷின் பணத்துல இருந்து. அத எடுக்கலாமா கூடாதான்னு கூட்டத்துல ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் சண்டை, மெழுகுவத்தி வெளிச்சத்துல தீர்மானம் எழுதின பக்கத்த அக்கா எனக்குக் காட்டுச்சு, பக்கத்துல மெழுகு சொட்டின கறை. கீழ ஒரு வரி: ‘எடுத்த பணத்தை நாலு மாதத்தில் திரும்பக் கட்ட வேண்டியது’. அஞ்சு மாசத்துல கட்டியிருக்காங்க, ஒரு மாசம் லேட்டுன்னு அதையும் எழுதி வச்சிருக்காங்க. அந்த நோட்ட நான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன். எங்க ஆபீஸ்ல மினிட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே நாள்ல பத்து மாசத்துக்கும் சேர்த்து அடிச்சது. 2020 கொரோனாவுல கல்யாண ஆர்டர் மொத்தமா நின்னு போச்சு, அப்ப குழு தன்னோட ரெண்டு ரூபா பங்க விட்டுக் கொடுத்துச்சாம், மெஷினோட ரெண்டு ரூபாய மட்டும் யாரும் தொடல.

இப்ப குறை. போன் எடுக்க மாட்டாங்க, நாலு தடவ அடிச்சா ஒரு தடவ. கேன் சிலது பழசு, அடியில பச்சையா தெரிஞ்சா கூச்சப்படாம திருப்பிக் கொடுங்க, மாத்தித் தருவாங்க, ஆனா நீங்க பார்க்கலன்னா அவங்களும் பார்க்க மாட்டாங்க. ஆடி, தை மாசம் கூட்டம், அரை மணி நேரம் நிக்கணும். பக்கத்துக் காலனியில இருந்து வர்றவங்களுக்கு முன்ன தனி நேரம்னு யாரோ கிளப்பி விட்டு ஒரு பிரச்சனை ஆகி, இப்ப ஒரே வரிசை தான், இத நான் நாலு நாள் வேணும்னே வெவ்வேற நேரத்துல போய்ப் பார்த்துட்டுத் தான் எழுதுறேன். குழுவுல எல்லாருக்கும் வயசாகுது, 20ல இப்ப முழுசா வேல செய்யறது ஒரு எட்டு ஒம்போது பேரு, புதுசா சின்னப் பொண்ணுங்க யாரும் வரல. அக்காவுக்கு முட்டி வலி வேற. ஆட்டுக்கு குட்டி பிறக்குது, இடையருக்கு அடுத்து யாருங்கறது தான் இங்க இன்னும் எழுதப்படல.

இன்னொண்ணும் கேட்டேன். மத்திய அரசோட ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்துல வீட்டுக்கு வீடு குழாய் வந்துடுச்சே, காவிரித் தண்ணி வந்தா உங்க கடைய யாரு சீண்டுவான்னு. 2019ல அந்தத் திட்டம் வந்தப்ப அதோட விதியிலயே ஊருக்குள்ள ஆகுற செலவுல மக்கள் பங்கு 10 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல இருக்க ஊர்னா 5னு வச்சிருக்காங்க, ஊர்க் கமிட்டி தான் பராமரிப்பு பார்க்கணும்னும் இருக்கு. படிக்கிறதுக்கு நல்லா தான் இருக்கு, நானும் அரைப் பக்கம் எழுதினவன் ஆச்சே. அக்கா அசரல. ‘வரட்டும் தம்பி, நல்ல தண்ணி தினம் குழாயில வந்தா நாங்க மெஷின வித்துட்டுப் பணத்தப் பிரிச்சுக்கிட்டு இட்லி மாவு அரைப்போம். இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் வருது, மத்த அஞ்சு நாள் என்ன பண்ணுவ’ன்னுச்சு. கடைய மூடுறதுக்கும் யோசனை வச்சிருக்கு பாருங்க, எனக்கு அது தான் ரொம்பப் புடிச்சது. நாங்க எங்க ப்ராஜெக்ட் என்னைக்கும் தேவைப்படும்னு தான் எழுதுவோம்.

என்ஜிஓவுல, சிஎஸ்ஆர்ல இருக்க நண்பர்கள் யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க. ஆனா ‘நாங்க உதவி பண்றோம், இன்னொரு மெஷின் தர்றோம்’னு ஆரம்பிக்காதீங்க, போன மாசம் அப்படி ஒருத்தர் வந்து போயிருக்காரு, அவருகிட்ட அக்கா கேட்ட முதல் கேள்வி, ‘அந்த மெஷினுக்கு மெம்பரேன் என்ன சைஸு, மதுரையில கிடைக்குமா’. அவரு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு போனவரு தான்.

கேன் எடுத்துட்டுப் போறவங்க மூடியோட எடுத்துட்டுப் போங்க, மூடி இல்லன்னா 5 ரூபா புடிப்பாங்க. இத எழுதிக்கிட்டு இருக்கப்ப அந்த நம்பர்ல இருந்தே போன், அதிசயமா அவங்களே அடிச்சாங்க. எழுதுற விஷயத்தச் சொல்லலாம்னு ஆசையா எடுத்தா, ‘தம்பி, உங்க வீட்டுல நம்ம கேன் ரெண்டு ஒரு மாசமா நிக்குது, நோட்டுல இருக்கு, நாளைக்கு வரும்போது கொண்டாந்துருங்க’ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு.